ஒரு அலையன்ஸ் வந்திருக்கு

2018 செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழம ராத்திரி. எங்க வீட்ல கிரைண்டர் என் டிபார்ட்மெண்ட், கல்லுல ஒட்டுன உளுந்த வழிச்சிட்டு இருந்தேன், முழங்கை வரைக்கும் மாவு. பொண்ணு வந்து ஒரு பேப்பர மேடை மேல வச்சிட்டு "அப்பா, நாளைக்கு குடுக்கணும், ஒரு சைன் போடு"ன்னா. என்னம்மா இதுன்னேன். "கிளப் ஃபார்ம்." என்ன கிளப்பு? "கே ஸ்ட்ரெய்ட் அலையன்ஸ்."

ஹால்ல துணி மடிச்சிட்டு இருந்த என் வீட்டம்மா காதுல கடைசி வார்த்தை மட்டும் விழுந்திருக்கு. "என்னது அலையன்ஸா? யாரு கொண்டாந்தா? பதினஞ்சு வயசு புள்ளைக்கு யாருங்க இப்பவே?" நம்ம வீடுகள்ல அலையன்ஸ்னா ஜாதகக் கட்டு, போட்டோ, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், அவ்ளோதான அர்த்தம். பொண்ணு சிரிச்ச சிரிப்புல பக்கத்து அபார்ட்மெண்ட்டே எந்திரிச்சிருக்கும். இந்த அலையன்ஸ் வேற, கூட்டணின்னு அர்த்தம். கேன்னா ஆம்பளைய விரும்பற ஆம்பள, பொம்பளைய விரும்பற பொம்பளைன்னா லெஸ்பியன், ஸ்ட்ரெய்ட்னா எதிர்பாலர விரும்பற மத்தவங்க, எல்லாரும் சேந்து கூடற கிளப்பு.

நாங்க இருக்கறது அமெரிக்காவுல யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டிக்கு தெக்கால ஒரு சின்ன ஊரு, ஐடி வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க இங்க நெறைய. இந்த மாநிலத்துல 2007ல ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, பள்ளிக்கூடத்துல எந்த கிளப்புல சேந்தாலும் அப்பாவோ அம்மாவோ கையெழுத்து போட்டே ஆகணும், அது செஸ் கிளப்பா இருந்தாலும் சரி ரோபோ செய்யற கிளப்பா இருந்தாலும் சரி. அதுவரைக்கும் நாலஞ்சு ஃபார்ம்ல நான் படிக்காமலே போட்டுக் குடுத்திருக்கேன். இத மட்டும் கைய கழுவி, தொடச்சி, கண்ணாடி தேடி எடுத்து, ரெண்டு தடவ படிச்சேன். கிளப் பேரு, பொறுப்பு டீச்சர் பேரு, புதன்கெழம ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரம், கடைசில பெத்தவங்க கையெழுத்துன்னு ஒரு கோடு. தொண்ட வரைக்கும் ஒரு கேள்வி வந்து நின்னுச்சு. அப்ப நீ... ன்னு. அவ மூஞ்சிய பாக்காமலே சொன்னா, "அப்பா, அந்த ரூம்ல யாரும் யாரையும் அத கேக்க மாட்டாங்க, அதான் மொத ரூலே, நீயும் கேக்காத."

நான் கேக்கல. பெருந்தன்மையெல்லாம் ஒண்ணும் இல்ல, பதில் என்னவா இருக்குமோன்னு பயம். போட்டுக் குடுத்துட்டேன். அப்புறமாவது தெரிஞ்சுதாங்கறத இங்க எழுதப் போறதில்ல, அது அவ விஷயம்.

ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இது என்ன கிளப்பு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சா, கத பாதி நம்ம ஊர்லயே நடந்திருக்கு. சால்ட் லேக் சிட்டில ஈஸ்ட் ஹைஸ்கூல்னு ஒரு பெரிய பழைய பள்ளிக்கூடம், எத்தனையோ தடவ அந்த ரோட்டுல கார்ல போயிருக்கேன். 1995 கடைசில அங்க கெல்லி பீட்டர்சன்னு 17 வயசு பொண்ணு, தான் லெஸ்பியன்னு வெளிய சொன்னதுக்கப்புறம் கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டு தனியா நின்ன பொண்ணு, கூட ரெண்டு மூணு பேர சேத்துக்கிட்டு கே ஸ்ட்ரெய்ட் அலையன்ஸ்னு ஒரு கிளப் வேணும்னு கேட்டிருக்கா. கேட்டது இவ்ளோதான், ஸ்கூல் விட்டதும் ஒரு ரூமு, நாலு நாற்காலி.

ஊரு மார்மன் சர்ச்சோட தலைமையிடம். என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம், ஆனா இதுல வேடிக்கை எங்கன்னா, ஸ்கூல் போர்டால அந்த ஒரு கிளப்ப மட்டும் வேணாம்னு சொல்ல முடியல. ஏன்னா 1984லயே மத்திய அரசு சட்டம் ஒண்ணு இருக்கு, ஈக்வல் ஆக்சஸ் ஆக்ட்னு. அரசாங்கப் பணம் வாங்கற ஹைஸ்கூல், பாடத்துக்கு சம்பந்தமில்லாத ஒரே ஒரு கிளப்புக்கு எடம் குடுத்தாலும் போதும், அப்புறம் மத்த கிளப்ப நீ பேசற விஷயம் புடிக்கலன்னு தள்ள முடியாது. இந்த சட்டத்துக்காக முன்ன நின்னவங்கள்ல ஒருத்தர் யாருன்னு பாத்தா இதே யூட்டாவோட செனட்டர் ஆரின் ஹேட்ச். எதுக்காக? ஸ்கூல்ல பைபிள் கிளப் வைக்க விட மாட்டேங்கறாங்கன்னு. 1990ல ஒமாஹாவுல ஒரு கிறிஸ்தவ பொண்ணு இத வச்சு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 8க்கு 1ன்னு ஜெயிச்சா. தனக்குன்னு வெட்டுன கெணத்துல ஊரே தண்ணி எடுக்க வந்தா வேணாங்க முடியுமா, அந்தக் கததான். பைபிள் கிளப்புக்கு போட்ட சட்டம் இந்தப் புள்ளைங்களுக்கும் அப்படியே பொருந்திடுச்சு.

சரி, ஒண்ணு எல்லாருக்கும் குடு, இல்ல யாருக்கும் குடுக்காத. போர்டு என்ன பண்ணுச்சுன்னா, 1996 பிப்ரவரி 20, 4க்கு 3 ஓட்டுல, பாடத்துக்கு சம்பந்தமில்லாத எல்லா கிளப்பையும் மூடிடுச்சு. நாப்பதுக்கு மேல. யங் ரிபப்ளிகன்ஸ் கிளப் கூட போச்சுங்க. எலிக்கு பயந்து வீட்ட கொளுத்துன மாதிரின்னு எழுத வந்துட்டேன், அந்தப் புள்ளைங்கள எலின்னு சொல்ல எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு, பழமொழி அப்படி, மன்னிச்சுக்கங்க.

அந்த வாரமே நூத்துக்கணக்குல புள்ளைங்க வகுப்ப விட்டு வெளிய வந்து மலை மேல இருக்கற சட்டசபை கட்டடம் வரைக்கும் நடந்து போனாங்க. பிப்ரவரி மாசத்துல சால்ட் லேக்ல நடக்கறது எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும், அந்த ஏத்தத்துல கார் ஏறவே யோசிக்கும். அத்தன பேரும் கேவா லெஸ்பியனா, கெடையாது. பாதிப் பேரு தன்னோட கிளப் போன கோவத்துல வந்திருக்கலாம், இன்னும் சில பேரு வகுப்பு கட் அடிக்க ஒரு சாக்குன்னு கூட வந்திருக்கலாம், நானெல்லாம் அந்த கேசு. "இவளுங்களாலதான் நம்ம கிளப்பும் போச்சு"ன்னு திட்டுன புள்ளைங்களும் உண்டு, போட்டிக்கு இவங்கள எதுத்து ஒரு கிளப் வைக்கணும்னு கெளம்புன பசங்களும் உண்டு. எல்லாரும் கை கோத்தாங்கன்னு எழுதுனா அது சினிமா.

அதுக்கப்புறம் ஒடனே ஜெயிச்சாங்களான்னா அதுவும் இல்ல. அந்த வசந்தத்துலயே ஸ்பெஷல் கூட்டம் போட்டு மாநிலமும் ஒரு சட்டம் கொண்டாந்துச்சு. கெல்லி பீட்டர்சன் அந்த வருஷமே பள்ளிக்கூடம் முடிச்சிட்டு போயாச்சு. கிளப்புல மிச்சம் இருந்தவங்க வெளியாளுங்க கல்யாண மண்டபம் புடிக்கற மாதிரி சொந்த ஸ்கூல்லயே வாடகை கட்டி ரூம் எடுத்து கூடியிருக்காங்க. 1998ல கேஸ். அப்புறம் ஒரு குரூப்பு கில்லாடித்தனமா, பாடத்துக்கு சம்பந்தமில்லாத கிளப்புக்குதான தடை, எங்க கிளப்பு பாடத்துக்கு சம்பந்தப்பட்டதுன்னு ப்ரிசம்னு பேரு வச்சு, அமெரிக்க வரலாறு, அரசியல் இதெல்லாம் கே லெஸ்பியன் மக்கள் பார்வைல படிக்கப் போறோம்னு விண்ணப்பம் போட்டாங்க. அதையும் நிராகரிச்சாங்க, 2000 ஏப்ரல்ல ஜட்ஜம்மா டீனா கேம்ப்பெல் அந்த கிளப்ப நடத்த விடுங்கன்னு இடைக்கால உத்தரவு போட்டாங்க. அந்த செப்டம்பர்ல போர்டு தடையையே எடுத்துடுச்சு. நாலரை வருஷம். ஒரு ரூமுக்கும் நாலு நாற்காலிக்கும்.

1996 பிப்ரவரின்னு படிச்ச ஒடனே எனக்கு ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சுது, அந்த மாசம் நான் எங்க இருந்தேன்? இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம், கோயமுத்தூர் பக்கம் ஒரு காலேஜ், ஹாஸ்டல். பேரு வேணாம்.

எங்க விங்ல ஒருத்தன் இருந்தான். கொஞ்சம் மெல்லிசான கொரலு, நடை ஒரு மாதிரி, துணிய நல்லா தொவச்சு மடிச்சு வைப்பான், இவ்ளோதாங்க அவன் செஞ்ச குத்தம். மெஸ்ஸுக்குள்ள அவன் தட்டு எடுத்துட்டு வந்தா, எங்கயோ ஒரு மூலைல ஒருத்தன் ஸ்பூனால டம்ளர தட்டுவான். டங். இன்னொரு டேபிள்ல இன்னொருத்தன். டங் டங். ஒம்போது தடவ தட்டுனா நிறுத்திடுவாங்க. யாரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க, வார்டன் கேட்டா என்ன சார் டம்ளருதான தட்டுனோம்பாங்க. அவன் கொழம்பு ஊத்திக்கிட்டு கடைசி டேபிளுக்கு போறதுக்கும் ஒம்போது தட்டு முடியறதுக்கும் சரியா இருக்கும். சாக்பீஸால அவன் ரூம் கதவுல 9ன்னு போடுவாங்க, அவன் காலைல எந்திரிச்சு ஈரத் துணியால தொடச்சிட்டு பல்லு வெளக்க போவான். தெனமும்.

நானும் தட்டியிருக்கேன். ரொம்ப தடவ இல்ல, மூணு நாலு தடவ. பக்கத்துல இருக்கறவன் தட்டிட்டு நம்மள பாக்கறான், நாம தட்டலன்னா அடுத்து நம்ம கதவுலயும் 9 விழுந்துடும்னு ஒரு கணக்கு, பத்தொம்போது வயசுல அந்தக் கணக்கு சரியாதான் பட்டுச்சு. அவன் நெசமாவே கேயா இல்லையா, எனக்கு தெரியாது. எங்க யாருக்கும் தெரியாது. தெரியணும்னு அவசியமே இருக்கல பாருங்க, தட்டறதுக்கு. வார்டன் ஒரு நாள் அவனக் கூப்ட்டு "நீ கொஞ்சம் ஆம்பளயா நடந்துக்கப்பா, பசங்க தானா அடங்கிடுவானுங்க"ன்னு அறிவுரை சொன்னாராம், அவனே சொல்லி சிரிச்சான். நாலாவது செமஸ்டர்ல ரூம காலி பண்ணிட்டு எங்கயோ வெளிய தங்க போய்ட்டான், மூணாவது வருஷம் காலேஜ்லயே காணம். எங்க இருக்கான்னு தெரியல. வாட்ஸப் குரூப்ல எல்லாரும் இருக்காங்க, அவன் இல்ல. ஒரு தடவ நான் அவன் பேர போட்டு யாருக்காவது தெரியுமான்னு கேட்டேன், ரெண்டு பேரு சிரிக்கற பொம்மை போட்டானுங்க, ஒருத்தன் டங் டங்னு டைப் பண்ணான். நாப்பது வயசு ஆளுங்க.

அந்த மெஸ்ல என்ன தேவப்பட்டுச்சு? புரட்சியா? ஒரே ஒருத்தன் அவன் டேபிள்ல போய் உக்காந்திருந்தா போதும். அவன மாதிரியே இருக்கற ஒருத்தன் போய் உக்காந்தா பத்தாது, ரெண்டு பேருக்கும் சேத்து தட்டுவானுங்க. யாரு மேல சந்தேகமே வராதோ அப்படி ஒருத்தன், கிரிக்கெட் டீம்ல இருக்கறவன், நாலு அரியர் வச்சிருக்கறவன், அந்த மாதிரி ஒருத்தன் தட்ட எடுத்துட்டு போய் எதுத்தாப்ல உக்காந்து ரசத்த ஊத்துடான்னு சொல்லியிருந்தா அந்த டங் அஞ்சுலயோ ஆறுலயோ நின்னிருக்கும்.

இந்த கிளப்போட சூட்சுமம் அந்த பேர்லதான் இருக்குன்னு நான் நெனைக்கறதும் அதனாலதான். பேரு எப்படி வந்துச்சுங்கறதும் நல்ல கத. 1988ல மாசச்சூசெட்ஸ்ல கான்கார்ட் அகாடமின்னு ஒரு தனியார் பள்ளிக்கூடம், அங்க கெவின் ஜென்னிங்ஸ்னு ஒரு இளவட்ட வரலாறு வாத்தியார், தான் கேன்னு பள்ளிக்கூடத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. அப்புறம் அவர தேடி ஒரு மாணவி வந்திருக்கா, அவ ஸ்ட்ரெய்ட். அவங்க அம்மா லெஸ்பியன். ஸ்கூல்ல எல்லாரும் பேசற பேச்சு கேட்டு கேட்டு சலிச்சுப் போச்சு, ஏதாவது பண்ணுவோம் சார்ங்கறா. நான் ஸ்ட்ரெய்ட், நீங்க கே, ரெண்டையும் சேத்து பேரு வச்சிடுவோம்னு யோசனை சொன்னதும் அவதானாம், இத ஜென்னிங்ஸே பல எடத்துல சொல்லியிருக்காரு. மொத அடி எடுத்து வச்சது யாரு பாருங்க, தன்னப் பத்தி இல்லாம தன் அம்மாவப் பத்தி பேசற பேச்சு பொறுக்காத ஒரு பொண்ணு.

அந்தப் பேரோட பிரயோஜனம் என்னன்னா, புதன்கெழம ரூமுக்குள்ள போற புள்ளையப் பாத்து யாரும் ஒண்ணும் முடிவு கட்ட முடியாது. அவன் கேயா இருக்கலாம், கே ஃப்ரெண்டுக்கு தொணையா வந்திருக்கலாம், சும்மா பீட்ஸாவுக்கு வந்திருக்கலாம். என்னன்னு சொல்லாமலே உள்ள போய் உக்கார முடியுது, அதுக்கு மறைப்பா நிக்கறது ஸ்ட்ரெய்ட் புள்ளைங்க. உதவி பண்றேன்னு வர்றவங்க மைக்க புடுங்கிக்கறதும் நடக்கும், எங்க பொண்ணே ஒரு பையன அப்படி திட்டிட்டு இருந்தா, "எல்லாத்துக்கும் அவனே பதில் சொல்றான்ப்பா"ன்னு. அது வேற பிரச்சன. ஆனா வெறும் ஒடம்பா போய் உக்காந்தாலே ஒரு வேல நடக்குது, அதுதான் என் மண்டைல ஏறுனது.

எதுத்தவங்களுக்கும் இது புரிஞ்சுதான் இருந்திருக்கு. 1999ல கலிஃபோர்னியாவுல ஆரஞ்சுன்னு ஒரு ஊரு, எல் மொடேனா ஹைஸ்கூல், அங்க போர்டு என்ன பேரம் பேசுச்சு தெரியுமா, கிளப்ப வச்சுக்கங்க, அந்தப் பேர மட்டும் மாத்திடுங்க, எல்லாருக்கும் சகிப்புத்தன்மைங்கற மாதிரி பொதுவா ஒண்ணு வைங்கன்னு. புள்ளைங்க முடியாதுன்னுட்டாங்க. 2000 பிப்ரவரில ஜட்ஜ் டேவிட் கார்ட்டர் புள்ளைங்க பக்கம் உத்தரவு போட்டாரு, பேர மாத்தச் சொல்றதே அவங்க பேச்ச நசுக்கறதுதான்னு. பேரு பொதுவா இருந்தா யாருக்கும் வலிக்காது, யாருக்கும் ஒதவாது. எங்க ஹாஸ்டல்லயும் நல்லிணக்கம், நல்லொழுக்கம்னு செவுத்துல பெயிண்ட் அடிச்சிதான் வச்சிருந்தாங்க, அதுக்கு கீழதான் டம்ளர் தட்டுனோம்.

நடுவுல 1998 அக்டோபர். வயோமிங்ல லேரமி, இங்கேர்ந்து ஐ-80ல கெழக்க போனா ஆறு மணி நேரம். மேத்யூ ஷெப்பர்ட், கே, காலேஜ் பையன், 21 வயசு. அடிச்சு வேலில கட்டிப் போட்டு விட்டுட்டு போனாங்க, ஆஸ்பத்திரில இருந்து செத்துப் போனான். அந்த வழியா ரெண்டு தடவ டென்வர் போயிருக்கோம், ரெண்டாவது தடவ பொண்ணு ஹெட்ஃபோன கழட்டி வச்சிட்டு ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டே வந்தா. நான் பாட்ட நிறுத்தல. நிறுத்தியிருக்கலாம்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், நான் அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டது ஞாயித்துக்கெழம, அதுக்கு மூணு நாள் முன்னாடி, செப்டம்பர் 6, வியாழக்கெழமதான் நம்ம இந்திய சுப்ரீம் கோர்ட், ஒரே பாலின உறவ குத்தம்னு சொன்ன 377வது பிரிவு, வயசு வந்தவங்க சம்மதத்தோட சேந்து இருக்கறதுக்கு செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லியிருந்தது. அந்தக் கேஸ்ல மனு போட்டவங்கள்ல ஐஐடில படிச்சவங்களும் படிச்சிட்டு இருந்தவங்களுமா இருபது பேரு இருந்தாங்க, சொந்தப் பேர போட்டு, குற்றவாளின்னு சொல்ற சட்டம் உயிரோட இருக்கும்போதே. ஆபீஸ்ல நம்ம ஆளுங்க டீ குடிக்கற எடத்துல அத வச்சு ஜோக்கடிச்சாங்க. நான் சிரிச்சேனான்னு கேட்டா, பல்லு வெளிய தெரியற அளவுக்கு சிரிக்கல, அவ்ளோதான். மூணு நாள் கழிச்சு இந்த ஃபார்ம். அடுத்த திங்கக்கெழம அதே டீ எடத்துல அதே ஜோக்கு, "ஏம்ப்பா என் பொண்ணு அந்த கிளப்புலதான் சேந்திருக்கா"ன்னேன். சத்தமாலாம் இல்ல. ஒருத்தன் டீ கப்புல ஒண்ணுமே இல்லாம உறிஞ்சுனான். இன்னொருத்தரு, ரொம்ப நாளா அங்க வேல பாக்கறவரு, பேச்சே குடுக்காத மனுஷன், சாயந்தரம் பார்க்கிங் வரைக்கும் என் கூட நடந்து வந்தாரு, வழி முழுக்க டயர் மாத்தறதப் பத்தி மட்டும் பேசிட்டு கார் கதவ தொறக்கும்போது "அந்த கிளப்பு எந்த ஸ்கூல்ல"ன்னு கேட்டாரு. சொன்னேன். தலையாட்டிட்டு போய்ட்டாரு. அவருக்கு ஒரு பையன் இருக்கான்னு மட்டும் தெரியும்.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல டே ஆஃப் சைலன்ஸ். 1996லதான் அதுவும் ஆரம்பிச்சது, வர்ஜீனியா யுனிவர்சிட்டில நூத்தம்பது மாணவங்க ஒரு நாள் முழுக்க வாயத் தொறக்காம இருந்தாங்க, பயந்து வாய மூடிக்கிட்டு வாழறவங்க எப்படி இருப்பாங்கன்னு காட்டறதுக்கு. அந்த 1996 என்னைய விடவே மாட்டேங்குது. எங்க பொண்ணும் காலைலேர்ந்து பேசல, சாயந்தரம் ஆறு மணி வரைக்கும்னு ஒரு அட்டைல எழுதி சட்டைல குத்தியிருந்தா. அஞ்சரை இருக்கும், அங்க விடிகால அஞ்சு மணி, அவங்க அம்மிச்சி கோபிலேர்ந்து வீடியோ கால். தெனமும் பால் கறக்கறதுக்கு முன்னாடி பேத்தி மொகத்த பாத்தாகணும்.

"ஏஞ்சாமி பேச மாட்டீங்கற? தொண்ட கட்டிக்கிச்சா? ஐஸ் தின்னயா?"

அவ தலைய மட்டும் ஆட்டறா. நான்தான் இல்லீங்கத்த, இன்னைக்கு மௌன விரதம்னேன். "எந்த சாமிக்கு? இன்னைக்கு ஒண்ணும் விசேசமில்லியே." சாமிக்கு இல்லீங்க, கூடப் படிக்கற புள்ளைங்கள ஒரு மாதிரி கேலி பண்றாங்க, அந்தப் புள்ளைங்களுக்காக இவ பேசாம இருக்கான்னேன். அத்தனையும் வெவரமா சொல்ல எனக்கு தைரியம் பத்தல, ஒரு மாதிரின்னே மழுப்பிட்டேன். அம்மிச்சி கொஞ்ச நேரம் கேமராவப் பாக்காம வேற எங்கயோ பாத்தாங்க. அப்புறம், "கேலி பேசறவன் வாயல்லோ மூடோணும், இவ எதுக்கு மூடறா?"ன்னாங்க.

பொண்ணு சத்தம் வராம குலுங்கி குலுங்கி சிரிச்சிட்டு, ஃபோன எடுத்து என்னமோ டைப் பண்ணி கேமரா முன்னாடி புடிச்சா. அவங்களுக்கு கண்ணாடி இல்லாம தெரியல, என்னைய படிக்கச் சொன்னாங்க. அம்மிச்சி நல்ல பாயிண்ட்டு, ஆறு மணிக்கு பதில் சொல்றேன், இன்னும் இருபது நிமிஷம் வெயிட் பண்ணுன்னு எழுதியிருந்தா.

"சரி, நான் போய் மாட்ட கறந்துட்டு வாரேன், லைன வச்சிராதீங்க மாப்ள"ன்னுட்டு ஃபோன திண்ண மேலயே சாச்சு வச்சிட்டு போய்ட்டாங்க. இருபது நிமிஷமும் நாங்க ரெண்டு பேரும் கோபி வீட்டு ஓட்டு விட்டத்த பாத்துட்டே உக்காந்திருந்தோம்.